முதுகில் குண்டு, காதில் மெட்டு: ஒரு ஐரிஷ் போலீஸ்காரரும் அவர் வீடும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பழைய அமெரிக்கக் கதைகளில் போலீஸ்காரர் என்றாலே ஐரிஷ்காரராக இருக்கிறாரே, அது நிஜமா? அப்படிக் கப்பலேறிப் போன ஒருவரின் வாழ்க்கையும் குடும்பமும் எப்படித்தான் இருந்திருக்கும்?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஆமாம், நிஜம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மூன்றிலும் போலீஸ் படை முழுக்க ஐரிஷ் பெயர்கள். இரண்டாம் பாதிக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் சப்பென்று இருக்கும். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். பெயர் பிரான்சிஸ் ஓனீல். 1873-ல் சிகாகோவில் சாதாரணக் காவலராகச் சேர்ந்து 1901-ல் அந்த நகரப் போலீசுக்கே தலைவரானவர். ஆனால் இன்று அவரை யாரும் போலீஸ் வேலைக்காக நினைப்பதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு முரண். அயர்லாந்தில் போலீஸ்காரன் என்றால் ஊர் ஜனங்களுக்கு ஆகாதவன். வாடகை பாக்கி வைத்த குடியானவனை நிலச்சுவான்தார் வெளியேற்றும்போது துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பவன் அவன்தான். ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற அந்தப் போலீஸ் பாதி ராணுவம் மாதிரியான படை. பிரிட்டிஷார் அதைப் பார்த்துத்தான் 1843-ல் சிந்து மாகாணத்தில் போலீஸ் அமைத்தார்கள். பிறகு இந்தியா முழுமைக்கும் வந்த 1861-ஆம் வருடச் சட்டத்திலும் அந்தச் சாயல் உண்டு. நம்மூரில் "போலீஸ்காரன் வீட்டுக்கு வந்துட்டான்" என்றால் வயிற்றைக் கலக்குகிறதே, அந்தக் கலக்கத்துக்கும் அயர்லாந்துக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது. அப்படிப் போலீசை வெறுத்த ஜனங்களின் பிள்ளைகள்தான் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் வரிசையில் நின்று அதே வேலையில் சேர்ந்தார்கள்.

ஏன்? பணம்தான் முதல் காரணம். ரயில் பாதைக்கு மண் வெட்டுபவனுக்கும் கால்வாய் தோண்டுபவனுக்கும் மழை வந்தால் கூலி கிடையாது, குளிர்காலம் வந்தால் வேலையே கிடையாது. போலீசுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். முதல் போட வேண்டாம், தொழில் கற்றிருக்க வேண்டாம். மற்ற நாட்டுக் குடியேறிகளுக்கு இல்லாத ஆங்கிலப் பேச்சு இவர்களுக்குக் கையிலேயே இருந்தது. அடுத்தது ஓட்டு. வார்டு வார்டாக ஐரிஷ்காரர்கள் குவிந்திருந்ததால் நகரசபை உறுப்பினர் அவர்களைத் தாஜா செய்தே ஆக வேண்டும். அவர் கையில் கொடுப்பதற்கு இருந்தது வேலை. சிகாகோவில் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகும் முறை 1895-ல்தான் வந்தது. அதுவரை சிபாரிசுதான் எல்லாம். மேயர் மாறினால் போலீஸ் தலைவர் மாறுவார், தலைவர் மாறினால் கீழே பலருக்குத் தொப்பி பறிபோகும்.

இனி ஓனீல்.

1848 ஆகஸ்டில், கார்க் மாவட்டத்தில் பான்ட்ரி ஊருக்கு அருகே டிராலிபேன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அது உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நடு. 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த அயர்லாந்து மக்கள்தொகை 1851 கணக்கெடுப்பில் 65 லட்சம் சொச்சமாகச் சுருங்கியது. பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். பஞ்சம் மிகக் கொடூரமாகத் தாக்கிய இடங்களில் அவர் பிறந்த மேற்கு கார்க்கும் ஒன்று. ஆனால் ஓனீல் குடும்பம் பட்டினி கிடந்த குடும்பம் அல்ல, கொஞ்சம் நிலம் நீச்சோடு வசதியாக இருந்தவர்கள். புலம்பெயர்ந்த ஒவ்வொருவரும் பசியால் துரத்தப்பட்டவர் என்று நாம் கதை கட்டிவிடுகிறோம். இவர் போனது பசிக்காக அல்ல, பிடிக்காத ஒரு வேலையிலிருந்து தப்புவதற்காக.

படிப்பில், அதுவும் கணக்கில் படு சுட்டி. பள்ளிக்கூடத்தில் அவருக்கு "தத்துவஞானி ஓனீல்" என்றே பெயர். வீட்டார் அவரைக் கிறிஸ்தவ சகோதரர் சபையில் ஆசிரியராக்கிவிட நினைத்தார்கள். அதற்காகக் கார்க் நகரத்தில் பிஷப்பைப் பார்க்க அனுப்பினார்கள். சந்திப்பு தவறிப்போனது. பையன் வீடு திரும்பவில்லை. 1865, பதினாறு வயது. இங்கிலாந்துக்குப் போய் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

ஊரைவிட்டுப் போகும்போது அவர் கொண்டுபோனது என்னவென்று பார்த்தால், பெட்டியில் வைக்கிற பொருளாக ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த வட்டாரத்தில் நாற்சந்திகளில் மாலைநேரம் ஆட்டம் நடக்கும். கைக்கு அடியில் துருத்தியை இடுக்கி வாசிக்கும் ஐரிஷ் பைக்குழல்காரர்கள் வருவார்கள். தாய்வழித் தாத்தா வீடு பாணர்களுக்கு எப்போதும் திறந்த வீடு. அம்மா வேலை செய்துகொண்டே பாடுவார். பக்கத்து நிலக்காரர் டிமதி டவுனிங் என்பவர் பையனுக்குப் புல்லாங்குழல் கற்றுக்கொடுத்தார். எழுதி வைத்தது ஒன்றும் இல்லை, எல்லாம் காதுவழி. அந்த மெட்டுகள் மண்டைக்குள் அப்படியே தங்கிவிட்டன. இந்த ஆளுக்கு ஒரு தரம் கேட்டால் போதும், மறக்காது. போலீஸ் வேலையில் முகங்களையும் பெயர்களையும் ஞாபகம் வைப்பதற்கும் அது உதவியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அடுத்த நான்கைந்து வருடங்கள் கடல். மத்தியதரைக் கடல், கருங்கடல், பிறகு அட்லாண்டிக். 1866-ல் லிவர்பூலிலிருந்து நியூயார்க் போன ஒரு கப்பலில் மாலுமியாக இருந்தார். அதே கப்பலில் குடியேறப் போகும் பயணிகளுக்கு நடுவே கிளேர் மாவட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் அன்னா ரோஜர்ஸ். அயர்லாந்தில் அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு முந்தின இரவு ஒரு சடங்கு உண்டு. செத்தவர் வீட்டில் இரவு விழித்திருப்பது போலவே ஊரே கூடி விடியவிடிய உட்கார்ந்திருக்கும், ஆட்டமும் இருக்கும், ஒப்பாரியும் இருக்கும். அதற்குப் பெயரே "அமெரிக்க இழவு". திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரிந்து நடத்துகிற பிரிவு. அன்னா மாதிரி கிராமத்துப் பெண்கள் அப்படி அழுது அனுப்பப்பட்டு ஏறியவர்கள்தான்.

அன்னாவை உடனே மணந்துவிடவில்லை. ஓனீலுக்கு இன்னும் உலகம் பாக்கி இருந்தது. "மின்னஹாஹா" என்ற கப்பலில் ஜப்பான் போய், அங்கிருந்து ஹவாய் வழியாகப் பசிபிக் நடுவில் இருக்கும் பேக்கர் தீவுக்குப் பறவை எச்ச உரம் ஏற்றப் போனார்கள். கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. மரம் மட்டை இல்லாத ஒரு மணல் திட்டு அந்தத் தீவு. சில நாள் கழித்து "சோயி" என்ற சிறிய பாய்க்கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அதில் ஹவாய்த் தீவுக்காரர்கள் மாலுமிகள். கூடுதலாக ஒரு கப்பல் ஆட்கள் ஏறிவிட்டதால் சாப்பாட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு, ஹொனலூலு சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்தத் தீவுக்கார மாலுமிகளில் ஒருவனிடம் நல்லதொரு புல்லாங்குழல் இருந்தது. அவனுக்கு ஏதோ ஒரு சின்னப் பாட்டு மட்டும் வாசிக்க வரும். ஓனீல் வாங்கி வாசித்துக் காட்டினார். அவ்வளவுதான், பாஷை தெரியாத அந்த ஆள் சிநேகிதன் ஆகிவிட்டான். தன் பங்குக்கு வந்த கிழங்குக் கூழையும் டப்பா மீனையும் தினமும் இவரோடு பகிர்ந்து தின்றான். ஹொனலூலுவில் இறங்கியபோது கூட வந்தவர்களில் பெரும்பாலோரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் நடந்து போனார். டிராலிபேனில் டவுனிங் கற்றுக்கொடுத்த வித்தை பசிபிக்கில் சோறு போட்டது என்று சொன்னால் அலங்காரம் இல்லை, நடந்ததே அதுதான். இந்தச் சம்பவத்தை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

கலிபோர்னியாவில் சில மாதம் ஆடு மேய்த்தார். மீண்டும் கப்பல். பிறகு மிசௌரியில் எடினா என்ற சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார், அதாவது எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதே வேலை. இருபத்தொரு வயதுக்குள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்ட ஆள் 1870 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் அன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு சிகாகோவில் குடியேறினார்.

சிகாகோ அப்போது நாள்தோறும் வீங்கிக்கொண்டிருந்த ஊர். 1871 அக்டோபரில் அது எரிந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேருக்கு வீடு போனது. தீ மூண்ட இடம் ஓலீரி என்ற ஐரிஷ் குடும்பத்தின் மாட்டுக் கொட்டகை. உடனே பத்திரிகைகள் "ஐரிஷ்காரி பால் கறந்தபோது மாடு விளக்கை உதைத்தது" என்று கட்டிவிட்டன. அதை நிரூபித்தவர் எவரும் இல்லை. அந்தப் பெண்மணி மீது பழி இல்லை என்று சிகாகோ நகரசபை தீர்மானம் போட்டது 1997-ல்! ஐரிஷ்காரர்கள் மேல் அந்த ஊர் வைத்திருந்த மதிப்பு இவ்வளவுதான். இந்தச் சூழ்நிலையில் போலீஸ் உடுப்பு என்பது சம்பளத்தோடு கொஞ்சம் மரியாதையும் சேர்ந்தது.

ரயில்வே சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, 1873 ஜூலையில் ஓனீல் போலீசில் சேர்ந்தார். ஒரு மாதம்கூட ஆகியிருக்கிறதோ இல்லையோ, ஆகஸ்டில் ஒரு திருடனைத் துரத்திப் பிடிக்கப் போனபோது அவன் சுட்டான். குண்டு உள்ளே போய் முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஈயத்துண்டோடு இன்னும் 62 வருடங்கள் வாழ்ந்தார். சுடப்பட்ட பிறகும் அவர் ஆளை விடாமல் பிடித்தார். மேலிடம் அவரை உடனே நிரந்தரக் காவலராக உயர்த்தியது.

இதைக் கேட்கிறவர்கள் வீரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அன்னாதான் கண்ணில் நிற்கிறார். கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கடல் கடந்து வந்த ஊர், புருஷன் முதுகில் குண்டு, குணமானதும் மறுபடி இரவுப் பணிக்குப் புறப்பாடு. ஓனீல் மேலே மேலே போனதைத்தான் ஏடுகள் வரிசையாகச் சொல்கின்றன: சார்ஜென்ட், 1890-ல் லெப்டினன்ட், 1894-ல் கேப்டன், 1901 ஏப்ரலில் தலைவர். அதே வருடங்களில் வீட்டில் நடந்ததை யாரும் அப்படி வரிசை போட்டுச் சொல்வதில்லை. பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆறு பேர் பெரியவர்களாகாமலே போய்விட்டார்கள். தொண்டை அடைப்பானும் செம்புள்ளிக் காய்ச்சலும் சிகாகோவின் நெருக்கமான தெருக்களில் வீடு வீடாகக் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன காலம் அது. போலீஸ் சம்பளம் ஒரு நல்ல வீட்டைத் தரலாம், தடுப்பூசி கண்டுபிடிக்காத நோய்க்கு அது என்ன செய்யும்?

சரி, இந்த மனுஷன் ஏன் போலீஸ் வேலைக்காக நினைக்கப்படுவதில்லை என்று சொன்னேன் அல்லவா. இங்கேதான் அது வருகிறது.

சிகாகோவில் ஐரிஷ்காரர்கள் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்திருந்தார்கள். மேயோக்காரர் ஒரு தெருவில், கெர்ரிக்காரர் அடுத்த தெருவில். ஊரில் இருந்திருந்தால் இவர் வாசிப்பதை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க முடியாது. இங்கே ஒரே டிராம் வண்டியில் வருகிறார்கள். ஓனீல் ரோந்து போகிற இடமெல்லாம் காதைத் தீட்டி வைத்திருந்தார். யாராவது விசில் அடித்துக்கொண்டு போனால்கூட நிறுத்தி, "இது எங்கே கற்றாய்?" என்பார். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. ஆயிரம் மெட்டு மனப்பாடம், ஆனால் ஒன்றைக்கூட ஸ்வரமாகக் காகிதத்தில் எழுதத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் இன்னொரு ஓனீல், ஜேம்ஸ் ஓனீல். உறவில்லை. அயர்லாந்தின் டவுன் (Down) மாவட்டத்துக்காரர், பிடில் வாசிப்பவர், நன்றாக எழுதத் தெரிந்தவர், பிரைட்டன் பார்க் பகுதியில் குடியிருந்தார். பிரான்சிஸ் அவருக்குப் போலீசில் இடம் பிடித்துக் கொடுத்தார்.

இருவரும் உட்கார்ந்து வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிரான்சிஸ் ஒரு மெட்டைப் புல்லாங்குழலில் வாசிப்பார், அல்லது வாயாலேயே பாடிக்காட்டுவார். ஐரிஷ் ஆட்ட மெட்டுகள் பெரும்பாலும் எட்டுத் தாள அளவுகள் கொண்ட பகுதிகளாக இருக்கும், ஒவ்வொரு பகுதியும் இரண்டு தரம். கேட்பதற்குச் சுலபம், எழுதும்போதுதான் வினை, ஏனென்றால் இரண்டாம் தரம் வாசிக்கிறவர் முதல் தரம் வாசித்த மாதிரியே வாசிக்க மாட்டார். ஜேம்ஸ் எழுதுவார். எழுதியதைத் தன் பிடிலில் திரும்ப வாசிப்பார். "இல்லை, அங்கே இப்படி இறங்க வேண்டும்" என்று பிரான்சிஸ் மறிப்பார். அடித்து, திருத்தி, மறுபடி. முதலில் எழுதப்பட்டவை டிராலிபேன் மெட்டுகள், அவர் அம்மா பாடியவை. இருபது வருடத்துக்கு முன்பு பதினாறு வயதுப் பையன் மண்டையில் வைத்துக்கொண்டு போனது அப்போதுதான் காகிதத்தில் இறங்கியது.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். டல்லமோர் ஊரிலிருந்து வந்த பார்னி டிலேனி என்ற பைக்குழல்காரர் சிகாகோவில் இருப்பது தெரிந்ததும் ஓனீல் அவரைத் தேடிப்பிடித்துப் போலீஸ் உடுப்பு மாட்டிவிட்டார். ஜேம்ஸ் எர்லி என்ற இன்னொரு பைக்குழல்காரர் போலீஸ் சார்ஜென்ட். அவரோடு ஜோடி சேர்ந்து வாசித்த ஜான் மெக்ஃபேடன் மேயோவின் பிடில்காரர். சிகாகோ போலீசில் சேர வேண்டுமானால் ரீல் என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊரில் கேலி பேசினார்கள். கேலி என்றாலும் முழுப்பொய் இல்லை.

இங்கே நான் சிலரோடு கருத்து மாறுபடுகிறேன். ஓனீலைப் பற்றி எழுதுகிறவர்கள் "நேர்மையான அதிகாரி, ஓய்வு நேரத்தில் இசை சேகரித்தார்" என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். லஞ்சம் வாங்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் அந்தச் சேகரிப்பே சிபாரிசு முறையின் மேல்தான் நின்றது. வார்டு அரசியல்வாதி ஓட்டுக்காக வேலை கொடுத்தார், இவர் மெட்டுக்காக வேலை கொடுத்தார். டிலேனி ஊரூராகச் சுற்றி மதுக்கடைகளில் வாசித்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தால் எந்த நாளில் எங்கே போயிருப்பாரோ. மாதச் சம்பளத்தில் கட்டிப்போட்டதால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அயர்லாந்தில் பாதிரியார்கள் நாற்சந்தி ஆட்டத்துக்குத் தடை போட்டுப் பைக்குழல்காரர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சிகாகோ நகராட்சியின் வரிப்பணம் தெரிந்தோ தெரியாமலோ ஐரிஷ் இசைக்குப் படியளந்தது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாதது போல் எழுதக்கூடாது.

1903-ல் தொகுப்பு வெளிவந்தது. 1,850 மெட்டுகள். பாட்டு மெட்டுகள் மட்டும் 625, பழைய யாழ்க்கலைஞர் கரோலன் இயற்றியவை 75, ஆட்ட மெட்டுகளில் இரட்டை ஜிக் 415, ரீல் 380, ஹார்ன்பைப் 225, இன்னும் மற்றவை. அதுவரை ஐரிஷ் இசைக்கு அவ்வளவு பெரிய அச்சுத்தொகுதி வந்ததில்லை. 1907-ல் ஆட்ட இசை மட்டும் 1,001 எடுத்து இரண்டாவது தொகுப்பு. வாசிக்கிறவர்களிடையே இது இன்றைக்கும் வெறுமனே "அந்தப் புத்தகம்" தான். எந்தப் புத்தகம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எல்லாம் கைக்காசு போட்டு அச்சிட்டது, லாபம் பார்க்கவில்லை. குறைகளும் உண்டு. ஒரே மெட்டு இரண்டு மூன்று பெயர்களில் திரும்ப வந்திருக்கும். சங்கீதக்காரர்களுக்குள் பொறாமை வேறு. ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுத்துவிட்டார் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். சிகாகோவின் ஐரிஷ் இசைச் சங்கமே அப்படிச் சண்டையில் உடைந்தது. ஆயுதம் தாங்கிய படையை நடத்துவதைவிடப் பைக்குழல்காரர்களை ஒரே அறையில் உட்காரவைப்பது கஷ்டம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

தலைவராக இருந்த நான்கு வருடமும் சுகமான வருடங்கள் அல்ல. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டார். சுட்டவன், அரசாங்கமே வேண்டாம் என்னும் அராஜகவாதியான எம்மா கோல்ட்மேனின் பேச்சைக் கேட்டவன் என்று செய்தி வர, அந்த அம்மையாரைச் சிகாகோவில் பிடித்தார்கள். நாடே அவரைத் தூக்கில் போடச் சொல்லிக் கத்தியது. ஓனீல் அவரோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசிவிட்டு, இவருக்கு இதில் சம்பந்தம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு தன்னை நடத்திய விதமே மாறியது என்று கோல்ட்மேன் பின்னாளில் எழுதியிருக்கிறார். இரண்டு வாரத்தில் அவரை விட்டுவிட்டார்கள். அராஜகவாதி ஒருவர் போலீஸ் தலைவரைப் பற்றி நல்லபடியாக எழுதியது அபூர்வம்.

ஆனால் அதே ஓனீல்தான் தொழிலாளர் போராட்டங்களில் மறுபக்கம் நின்றவர். 1894-ல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது கேப்டன், 1905-ல் வண்டியோட்டிகள் வேலைநிறுத்தத்தின்போது தலைவர். தெருவில் கல்லெறிந்தவர்களிலும் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள், தடியோடு நின்றவர்களிலும் இருந்தார்கள். அயர்லாந்தில் கான்ஸ்டபிளை வெறுத்ததற்கும் இதற்கும் அவர் மனசுக்குள் எப்படிக் கணக்கு நேர்செய்தார் என்பது எனக்குப் பிடிபடாத விஷயம்.

1903 டிசம்பர் 30. ஒரு மாதத்துக்கு முன் திறந்த இராக்குவா தியேட்டரில் மதிய ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விடுமுறை நாள் என்பதால் அரங்கம் முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். மேடையில் தீப்பற்றியது. பூட்டிய கதவுகள், வெளியே வழி தெரியாத படிக்கட்டுகள். சுமார் 600 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஒரே கட்டடத் தீயில் அவ்வளவு பேர் இறந்தது அதற்கு முன்னும் இல்லை, பல காலம் பின்னும் இல்லை. உடல்களை வெளியே எடுக்கும் வேலையை நேரில் நின்று நடத்தியவர் ஓனீல். வாசலிலும் படிகளிலும் அடுக்கடுக்காக ஊரார் வீட்டுக் குழந்தைகள்.

அது முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. 1904 பிப்ரவரியில் அவருடைய மகன் ரோஜர்ஸ் மூளைக்காய்ச்சலில் இறந்தான். வயது 18. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். மிஞ்சியிருந்த ஒரே ஆண் பிள்ளை, பிடில் கற்றவன். அதோடு ஆண் வாரிசு இல்லை, நான்கு பெண்கள் மட்டும். அன்னா இனி இந்த வீட்டில் இசையே வேண்டாம் என்றார். ஓனீல் அதை மீறவில்லை. உலகத்தின் மிகப் பெரிய ஐரிஷ் இசைத் தொகுப்பைப் போட்ட மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் புல்லாங்குழலை எடுக்கவில்லை.

கேள்வியில் குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டிருந்தது. எனக்குத் தெரிந்த பதில் இந்தக் கூடம்தான். ஊரிலிருந்து இரண்டு பேரும் கொண்டுவந்தது ஒன்றே, இருவருக்கும் அதே நாற்சந்தி, அதே மெட்டு. ஒருவருக்கு அது வாழ்நாள் வேலை ஆனது. இன்னொருவருக்குக் காதில் விழுந்தாலே பிள்ளை ஞாபகம். அன்னாவுக்கு இரக்கம் காட்டாமல், "கலைக்குத் தடை போட்ட மனைவி" என்று சிலர் ஜாடையாக எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆறு பிள்ளைகளைப் புதைத்தவருக்கு அமைதி வேண்டும் என்று கேட்க உரிமை இல்லையா?

1905-ல் ஓனீல் வேலையை விட்டார். மறு வருடம் அயர்லாந்துக்குப் போய் வந்தார். நாற்பது வருடம் கழித்து ஊரைப் பார்த்ததில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம் அதிகம். அவர் மனதில் இருந்த டிராலிபேன் அங்கே இல்லை. பைக்குழல்காரர்கள் அருகிவிட்டார்கள், இளசுகளுக்குப் பழைய மெட்டுகள் தெரியவில்லை. சிகாகோவில் ஒரு மாலைநேரத்தில் கேட்க முடிந்ததை அயர்லாந்தில் தேடி அலைய வேண்டியிருந்தது. பிறகு எழுத உட்கார்ந்தார். 1910-லும் 1913-லும் இசைக்கலைஞர்கள் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள். அவர் மட்டும் எழுதாவிட்டால் அந்தப் பைக்குழல்காரர்களில் பாதிப்பேர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. 1931-ல் தன் நூலகத்தை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1936 ஜனவரியில், 87-ஆம் வயதில், சிகாகோவில் இறந்தார். மவுன்ட் ஆலிவெட் இடுகாட்டில் குடும்பக் கல்லறை இருக்கிறது. குண்டும் அவரோடுதான் போனது. டிராலிபேனில் பாலத்துக்குப் பக்கத்தில் 2000-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். கையில் புல்லாங்குழல்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தேடிக் கேட்கலாம். எடிசன் மெழுகு உருளை இயந்திரம் ஒன்று ஓனீலிடம் இருந்தது. டிலேனி, எர்லி, மெக்ஃபேடன், பேட்ஸி டூஹி என்று தன் ஆட்களின் வாசிப்பை அதில் பிடித்து, சிலவற்றைச் சிநேகிதர்களுக்கு அனுப்பினார். மில்வாக்கியில் தீயணைப்புப் படையில் இருந்த டன் என்ற பிடில்காரருக்குப் போன உருளைகள் அந்தக் குடும்பத்து வீட்டிலேயே கிடந்து, நூறு வருடம் கழித்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தன. கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து கேட்கவைத்திருக்கிறார்கள். ஒரே கரகரப்பு, எண்ணெய் காய்வது மாதிரி. அதற்குப் பின்னால், தூரத்தில், சிகாகோ போலீஸ்காரர் ஒருவர் உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு ரீல் வாசித்துக்கொண்டிருக்கிறார்.